துவைக்காத உடை

திரைச்சீலைக்கு விளிம்பு மடித்ததுதான் அம்மாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை. மகளின் புது வீட்டு ஜன்னலுக்கான திரை அது. வெட்டு மேசையின் ஒரு முனையில் அம்மா, மறுமுனையில் மகள். துணியை இழுத்துப் பிடிப்பது மகள் பொறுப்பு. அளவுகோலை வைத்து சாக்பீஸ் கோடு போடுவது அம்மா பொறுப்பு.

“தொங்க விடாதேடி. சாப்பிட்டவ மாதிரி பிடி.”

“பிடிச்சுக்கிட்டுத்தாம்மா இருக்கேன்.”

“பெத்து வளர்த்துப் படிக்க வெச்சா, நீ போய் ஃபேக்டரி ஃபேக்டரியாத் தூசி எண்ணறே. அதை நம்ம வீட்டுலயே எண்ணியிருக்கலாம். பஸ் செலவாவது மிஞ்சியிருக்கும்.”

மகளின் வேலை அதுதான். தொழிற்சாலைகளுக்குப் போய்த் தொழிலாளியின் காலரில் சின்ன பம்பு ஒன்றை மாட்டிவிடுவாள். அது நாள் முழுக்க அவர் மூச்சுவிடும் காற்றை ஒரு வடிகட்டி வழியாக இழுக்கும். சாயங்காலம் அந்த வடிகட்டியை நுண்ணோக்கியின் அடியில் வைத்து, அந்த மனிதர் அன்று எதைச் சுவாசித்தார் என்று எழுதிக் கொடுப்பாள்.

அம்மா சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. கொஞ்ச நாளாக எல்லாமே இருமலில்தான் முடிந்துகொண்டிருந்தது.

அப்போது போன் வந்தது. எடுத்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “ஆமாம்மா, டெய்லரம்மாதான் பேசறேன். இருக்கே. பத்திரமா இருக்கு. நானே நேர்ல வந்து தர்றேன். அதுக்கு முன்னால சாரை ஒரு வார்த்தை கேட்கணும்.”

வைத்துவிட்டு மகளைப் பார்த்தாள். முகம் பளிச்சென்று இருந்தது. “டைரக்டர் ஆபீஸ் பொண்ணு. நம்ம படத்தை மறுபடி தியேட்டர்ல போடறாங்களாம். டைரக்டர் அந்தக் கவச உடையைப் போட்டுக்கிட்டு மேடையில நடக்கப் போறாராம். கடைசி சீன் மாதிரியே.”

“அவருக்கு அது நுழையுமா?”

“பக்கத்துல பிரிச்சு விடணும். இப்ப அவரு இடுப்பு ஒரு ஊரு. முதல்ல துவைக்கணும். அதுக்குத்தான் கேட்கணும்னேன்.”

“இத்தனை வருஷமாவா துவைக்கலை?”

“அவர் சொல்லலையே” என்றாள் அம்மா, அதற்கு மேல் விளக்கம் தேவையே இல்லை என்பது போல.

அன்று சாயங்காலமே போய் ஒரு துணி சோப்பு வாங்கி வந்து, உடை இருந்த டிரங்குப் பெட்டியின் மேல் வைத்தாள். திரைச்சீலையின் ஒரு பக்கம் மட்டும் மடித்துத் தைக்கப்பட்டிருந்தது.

*

சினிமாக்காரர்கள் அவளை டெய்லரம்மா என்றார்கள். வீட்டிலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

கணவர் மகள் பிறந்த வருடமே வேறொரு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். அவள் அழுததாக யாரும் சொல்லவில்லை. அவர் விட்டுப்போன சட்டைகளை அவள் எரிக்கவில்லை. தையலைப் பிரித்து, துணியைத் திருப்பிப் போட்டு, மகளுக்குப் பள்ளிச் சட்டைகள் தைத்தாள். “அந்தாளு செலவுல ஒண்ணாவது நடக்கட்டும்” என்றாள். பல வருடம் கழித்து அவர் ஒருநாள் வாசலில் வந்து நின்றபோது, மகளை முன்னே தள்ளி, “சட்டை யாருதுன்னு தெரியுதா?” என்று மட்டும் கேட்டாள். அவர் மறுபடி வரவில்லை.

அவளுடைய பழிவாங்கல்கள் எல்லாமே அந்த ரகம். கத்தியும் கிடையாது, கூச்சலும் கிடையாது. ஒரு நடிகர், காலரில் நூல் தொங்கியது என்று பத்துப் பேர் முன்னால் சட்டையை அவள் முகத்தில் எறிந்தார். அவள் மன்னிப்புக் கேட்டு நூலை வெட்டினாள். அன்று முதல் அவருடைய கால்சட்டை இடுப்பைத் தினமும் ஒரு நூல் அளவு உள்ளே பிடித்துத் தைத்தாள். மனிதர் முதலில் ராத்திரிச் சாப்பாட்டை விட்டார். பிறகு மதியச் சாப்பாட்டையும் விட்டார். கடைசியில் டாக்டரிடம் போய் வயிறு ஊதுகிறது என்றாராம். படம் முடிந்த அன்றைக்கு எல்லாவற்றையும் பிரித்துப் பழைய அளவுக்கு வைத்துக் கொடுத்தாள்.

“தண்டனையும் அளவா இருக்கணும்டி. தச்சதைப் பிரிக்கிற மாதிரி தைக்கணும்.”

மகள் அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தாள். சிரித்துக்கொண்டே வளர்ந்தாள்.

*

அந்தப் படம் எடுக்கும்போது மகளுக்குப் பத்து வயது இருக்கும். உலகம் அழிந்துபோன பிறகு நடக்கும் கதை. வானத்திலிருந்து ஓயாமல் சாம்பல் விழுகிறது. மண்ணுக்கு அடியில் பதுங்கி வாழும் கடைசிப் பெண் ஒருத்தி, முடிவில் கவச உடையும் முகமூடியும் மாட்டிக்கொண்டு வெளியே வருகிறாள்.

காசில்லாத படம். உலகம் அழிந்த பின் மிஞ்சிய ஒரே கார் இயக்குநரின் மச்சானுடையது. அதில் கீறல் விழக் கூடாது என்பதால் இடிபாடுகளுக்கு நடுவே அது மட்டும் பளபளவென்று நின்றது. கவச உடையைத் தார்ப்பாயிலும் பழைய கார் சீட்டின் ரெக்சினிலும் டெய்லரம்மா தைத்தாள். முகமூடி ஒரு பெயின்ட் டப்பா. மூச்சுக்குழாய், வாஷிங் மெஷினில் தண்ணீர் வெளியேறும் குழாய்.

“உள்ளே ஏதாவது பஞ்சு கிஞ்சு வைக்கட்டுமா சார்?” என்று கேட்டிருக்கிறாள்.

“எதுக்கும்மா? யார் உள்ளே எட்டிப் பார்க்கப் போறாங்க?”

சினிமாத் தையலில் எதுவும் ஒற்றையாகத் தைப்பதில்லை. நடிப்பவருக்கு ஒன்று, அவருக்குப் பதிலாக அடிபடுகிறவருக்கு ஒன்று. கவச உடையும் ஜோடியாகவே பிறந்தது. சாம்பல் கொட்டும் கடைசிக் காட்சியில் நடக்க நடிகை மறுத்துவிட்டாள். முகமூடியைக் கழற்றி வானத்தைப் பார்க்கும் அண்மைக்காட்சியை மட்டும் மொட்டை மாடியில், நல்ல காற்றில், ஒரு காலைப் பொழுதில் நடித்துக் கொடுத்துவிட்டுப் போனாள். மிச்சம் இருந்தது அந்த நீண்ட நடை. அதே உயரம், அதே தோள் யாருக்கு என்று இயக்குநர் சுற்றிப் பார்த்தார். டெய்லரம்மா ஊசியைக் காலரில் குத்திவிட்டு எழுந்தாள்.

இடம், மூடிக் கிடந்த ஒரு ஆலையின் பாய்லர் கூடம். இரண்டு பெரிய விசிறிகள். மேலிருந்து சாம்பல். டெய்லரம்மா நடந்தாள். மறுபடி நடந்தாள். முதல் நாள் முழுக்க நடந்தாள், அடுத்த நாளும் நடந்தாள். கடைசித் தடவை பாதி வழியில் நின்று, கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குனிந்தாள். தோள்கள் குலுங்கின. பிறகு நிமிர்ந்து நடந்துபோய்ச் சாம்பலுக்குள் மறைந்தாள்.

படத்தின் முடிவு அதுதான். சுவரொட்டி அதுதான். கடைசி மனுஷி அழிந்த உலகத்துக்காக அழுகிறாள் என்று எழுதினார்கள். அந்த அழுகை எப்படித் தோன்றியது என்று இயக்குநர் ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். சாம்பலுக்குக் காசில்லாமல் மாவைக் கொட்டியே உலகத்தை அழித்த கதையையும் சொன்னார். அந்த இடத்தில் எப்போதும் கைதட்டு விழும்.

“நான் எங்கடி அழுதேன்?” என்பாள் அம்மா. “இருமினேன். மாவு தொண்டைக்குள்ள போயிடுச்சு. என் இருமலுக்கு இந்த மனுஷன் பரிசு வாங்கிட்டாரு.”

அதில் அவளுக்குப் பெருமைதான். வீட்டுக்கு வருகிறவர்களிடம் உடையை எடுத்துக் காட்டுவாள். நடிகையின் உடையை, அவள் காட்சி முடிந்ததும் இயக்குநர் சொன்னபடி துவைத்து, பாலிதீன் உறையில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டாள். தன்னுடையதைத் துவைக்கவில்லை. “அந்த நடையை இன்னொரு நாள் எடுக்க வேண்டியிருக்கும், உடை அப்படியே இருக்கட்டும்” என்று இயக்குநர் சொல்லியிருந்தார். பாதியில் நிற்கும் காட்சியின் உடையில் முதல் நாள் படிந்த அழுக்கு அடுத்த நாளும் அதே இடத்தில் இருந்தாக வேண்டும். அதைத் துவைப்பது அந்தத் தொழிலில் பெரிய பாவம். வேலையே போய்விடும். இன்னொரு நாள் என்று இயக்குநர் சொன்ன அந்த நாள் வரவேயில்லை. துவைக்கலாம் என்று சொல்ல அவருக்கும் தோன்றவில்லை. டெய்லரம்மா அந்த உடையை வெட்டு மேசைக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டியில் வைத்தாள். பூச்சி அரிக்காமலிருக்க வருடத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, நன்றாக உதறி, மறுபடி மடித்து வைத்தாள்.

அந்த அறையில்தான் இருவரும் தூங்கினார்கள்.

*

விளிம்பு மடித்த வாரமே அம்மாவுக்கு மூச்சு முட்டியது. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தது. நீரை எடுத்துச் சோதித்த மருத்துவர் மகளைத் தனியே அழைத்தார்.

“அம்மா எங்க வேலை பார்த்தாங்க? கப்பல் உடைக்கிற இடமா? ஆஸ்பெஸ்டாஸ் ஓடு போடற ஃபேக்டரியா?”

“தையல் வேலை டாக்டர்.”

“இது கல்நார்த் தூசியால வர்ற புற்றுநோய். வேற எதாலும் இப்படி வர்றது ரொம்ப அபூர்வம். எங்கேயோ நிறைய சுவாசிச்சிருக்காங்க. பல வருஷம் முன்னால.”

கல்நார் என்றால் என்னவென்று மகளுக்குச் சொல்லத் தேவையில்லை. அவள் தினமும் எண்ணுவதே அதைத்தான். மென்மையான, வெப்பம் தாங்கும், கண்ணுக்குத் தெரியாத இழை. உள்ளே போனால் வெளியே வராது. இருபது முப்பது வருடம் பொறுத்துக் கணக்குத் தீர்க்கும்.

படுக்கையில் கிடந்தபடி அம்மா கவலைப்பட்டது ஒன்றைப் பற்றித்தான்.

“அந்தப் பொண்ணு போன் பண்ணா, உடையைக் கட்டாயம் தர்றேன்னு சொல்லு. அப்படியே தூக்கிக் கொடுத்துடாதே, அழுக்கா இருக்கு. துவைக்கலாமான்னு அவரை மட்டும் ஒரு வார்த்தை கேட்டுடு.”

“கேட்கிறேன்மா.”

“கேட்காம துவைச்சுடாதே.”

அந்த மாதம் முடிவதற்குள் அம்மா போய்விட்டாள்.

பத்தாம் நாளுக்குள் இயக்குநரே போன் செய்தார். உங்கம்மா எனக்குக் கூடப் பிறந்த அக்கா மாதிரி என்றார். குரல் தழுதழுத்தது. அதே மூச்சில், “அந்த உடை பத்திரமா இருக்குல்ல?” என்றார்.

“இருக்கு சார்” என்றாள் மகள்.

போனை வைத்துவிட்டு, பெட்டியின் மேலிருந்த சோப்பை எடுத்து ஓரமாக வைத்தாள். சோப்பை எடுத்து ஓரமாக வைத்தாள். உடையின் தோள் மடிப்பிலும் தையல் பள்ளங்களிலும் சாம்பல் நிறத்தில் ஏதோ அப்பியிருந்தது. மாவு இத்தனை வருடத்தில் பூஞ்சை பிடித்திருக்கும், வண்டு அரித்திருக்கும், கட்டி தட்டியிருக்கும். இது பஞ்சு மாதிரி இருந்தது. புதிது போல இருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் மினுங்கியது.

அவள் மூச்சை அடக்கிக்கொண்டு மூடியை இறக்கினாள். வெளியே வந்து கதவைச் சாத்தினாள். வேலைக்குக் கொண்டுபோகும் முழு முகமூடியை மாட்டிக்கொண்டு திரும்பி வந்து, இடுக்கியால் ஒரு துணுக்கு எடுத்தாள்.

நுண்ணோக்கியில் பார்க்க வெகுநேரம் ஆகவில்லை. பழுப்பு இழைகள், நேராக, ஊசி ஊசியாக. பாய்லர் குழாய்களுக்குச் சூடு தாங்கச் சுற்றும் கல்நார்ப் பொதி.

அன்று படத்தின் முடிவை அவள் முதல் தடவையாகத் தன் தொழில் கண்ணோடு பார்த்தாள். மாவு கொத்தாக விழும், தரையில் அப்பும். திரையில் விழுந்தது அப்படி விழவில்லை. மிதந்தது. விளக்கு வெளிச்சத்தில் திரும்பித் திரும்பி மின்னியது. எத்தனை அழகான சாம்பல் என்று அத்தனை பேரும் எழுதியிருந்தார்கள். அதற்கு நடுவே பஞ்சு வைக்காத பெயின்ட் டப்பாவை மாட்டிக்கொண்டு அம்மா நடந்துகொண்டிருந்தாள். நின்றாள். தோள் குலுங்கியது.

அதே அறையில் வளர்ந்த இன்னொரு ஜோடி நுரையீரல் உண்டு. அந்தக் கணக்கை மகள் இன்னும் போடவில்லை. முதலில் முடிக்க வேண்டிய கணக்கு வேறு.

*

அந்தப் படத்தில் விளக்குப் பிடித்தவரை ஏணி என்பார்கள். உயரமும் அப்படி, தோளில் எப்போதும் ஏணி இருந்ததும் உண்மை. அம்மாவின் பழைய சிநேகிதர். இப்போது ஒரு மின்சாமான் கடையில் உட்கார்ந்து பல்பு சோதித்துக் கொடுக்கிறார். மகள் அங்கே போய், மாவைப் பற்றிக் கேட்டாள்.

ஏணி கையிலிருந்த பல்பைக் கீழே வைத்தார்.

“மாவு முதல் நாள் மத்தியானத்தோட தீர்ந்துபோச்சும்மா. மறுபடி வாங்கக் காசில்லை. மேல குழாயில சுத்தியிருந்ததை அவரு பார்த்தாரு. கை வெச்சா உதிர்ந்துச்சு. ‘இதைப் பிச்சுப் போடுங்கடா, மாவைவிட நல்லாருக்கு’ன்னாரு.”

“அது என்னன்னு அவருக்குத் தெரியாதா?”

“வாட்ச்மேன் வந்து சொன்னான். நான் பக்கத்துல நின்னேன். ‘சார், அதைத் தொடாதீங்க. அதை எடுக்க வந்தவங்களே தலையோட மூடிக்கிட்டுத்தான் வந்தாங்க. பாதியில விட்டுட்டுப் போயிட்டாங்க’ன்னான். அவரு தலையை ஆட்டினாரு. அப்புறம் கேமராவைத் தூக்கிட்டுப் போய் கண்ட்ரோல் ரூமுக்குள்ள வெச்சாரு. கண்ணாடிக்குப் பின்னால. அவரும் உள்ளேதான். கதவு இடுக்குல ஈரத்துணி. எங்களுக்கெல்லாம் மூஞ்சியில கட்டிக்க ஈரத்துண்டு. உங்கம்மாவுக்குத்தான் முகமூடி இருக்கேன்னுட்டாரு.”

மேசையில் உருண்ட பல்பை மகள் பிடித்து நிறுத்தினாள்.

“மேலேருந்து பிச்சுப் போட்டவன் அஞ்சு வருஷம் முன்னால போய்ச் சேர்ந்தான். இருமி இருமித்தான். அப்பவே எனக்குச் சந்தேகம். உங்கம்மாகிட்ட சொல்லத் தைரியம் வரலை.” ஏணி மூக்கை உறிஞ்சினார். “நான் எங்க வேணா வந்து சொல்றேம்மா.”

ஏணியைக் கூட்டிக்கொண்டு மகள் தொழிலாளர் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போனாள். அங்கே ஒரு பெண் அதிகாரி இருந்தார். மகளுக்கு வேலை வழியாகப் பழக்கம். நுண்ணோக்கி அறிக்கையையும் மருத்துவ அறிக்கையையும் பொறுமையாகப் பார்த்தார். முந்தின நாளே வீட்டுக்கு வந்து, உடையிலிருந்து தானும் ஒரு துணுக்கு எடுத்து முத்திரை வைத்திருந்தார்.

“கல்நார் இருந்துச்சுங்கறதுல சந்தேகமே இல்லை. ஆனா அவருக்குத் தெரியும்னு காட்டணும். தெரியாம நடந்தா விபத்து. தெரிஞ்சு நடந்தா அதுக்குப் பேர் வேற. வாட்ச்மேன் இருக்காரா?”

“இறந்துட்டார்.”

“அப்ப இவர் ஒருத்தர் வாய்வார்த்தைதான். இவரை அடுத்த படத்துல சேர்த்துக்கலைன்னு அந்தக் கோபத்துல சொல்றார்னு அவங்க வக்கீல் சுலபமா முடிச்சுடுவார். அந்த டைரக்டர் மாவுன்னு எல்லா ஊர்லயும் சொல்லி வெச்சிருக்கார். அவர் வாயால வேற ஏதாவது வரணும்.”

வெளியே வந்ததும் ஏணி பல்லைக் கடித்தார். “வாயால வருமா? அந்த வாய் இருபது வருஷமா மாவு தின்ன வாயாச்சே.”

மகளுக்கு அந்த நேரத்தில் நடிகரின் கால்சட்டை ஞாபகம் வந்தது.

“அண்ணே, அவருக்கு உடையைத்தானே போட்டுக்கணும். போட்டுக்கட்டும்” என்றாள்.

*

விழா அன்று காலை இரண்டு உடைகளும் அவள் முன்னால் இருந்தன. இரண்டையும் கனத்த பிளாஸ்டிக் பைகளில் போட்டு வாயை ஒட்டியிருந்தாள். ஒன்று அம்மாவுடையது. மற்றது அலமாரியிலிருந்து எடுத்த நடிகையுடையது. அதையும் தோண்டித் துருவிச் சோதித்திருந்தாள். ஓர் இழைகூட இல்லை. இரண்டும் ஒரே கை வெட்டிய துணி. அருகருகே வைத்தால் அம்மாவால் மட்டுமே பிரித்துச் சொல்ல முடியும்.

அவள் கை முதலில் போனது அம்மாவின் உடைக்குத்தான். தூக்கவும் தூக்கினாள். அவர் அதை மாட்டி, ஜிப்பை இழுத்து, டப்பாவை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு, மேடையில் நீளமாக ஒரு மூச்சு இழுப்பதை நினைத்துப் பார்த்தாள். அந்த நினைப்பு இனித்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்று அதை ருசித்தாள்.

ஆனால் முதல் வரிசையில் யாராவது குழந்தையோடு வந்திருப்பார்கள். தூசிக்கு ஆள் பார்த்து இறங்கத் தெரியாது. அவள் அதைத் திரும்ப வைத்து அறையைப் பூட்டினாள்.

நடிகையின் உடையில் பக்கத் தையலை முந்தின வாரமே பிரித்து, பட்டை வைத்து அகலமாக்கியிருந்தாள். அம்மாவின் மெஷினில்தான் தைத்தாள். தையல் கோணலாக வந்திருந்தது. அம்மா பார்த்திருந்தால் பிரித்துப்போட்டு மறுபடி தைக்கச் சொல்லியிருப்பாள்.

பையின் மேல், வேலையில் பயன்படுத்தும் எச்சரிக்கைச் சீட்டை ஒட்டினாள். மஞ்சள் சீட்டு, கறுப்பு மண்டையோடு. அதில் ஒரு எழுத்தும் கிடையாது. படத்தைப் பார்க்கிறவர் என்ன நினைத்துக்கொள்கிறாரோ அது அவரவர் பாடு.

*

தியேட்டர் நிறைந்திருந்தது. பாதிப் பேர், படம் வந்தபோது பிறக்காதவர்கள். சிலர் அட்டையில் முகமூடி செய்து மாட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பெண் அதிகாரி சாதாரண உடையில் நடுவே உட்கார்ந்திருந்தார். மகள் சொல்லித்தான் வந்தார். பக்கத்தில் ஏணி. அவருக்குப் பின்னால் இருந்தவர், “கொஞ்சம் இறங்கி உட்காருங்க சார், திரை மறைக்குது” என்றார். “இதுக்கு மேல இறங்கினா தரைதான் தம்பி” என்றார் ஏணி.

இயக்குநர் மேடையில் மாவுக் கதையைச் சொல்லி முடித்தார். கைதட்டு விழுந்தது. டெய்லரம்மாவைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொன்னார். அக்கா என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அவங்க கடைசி வரைக்கும் ஒரு பொக்கிஷம் மாதிரி காப்பாத்தின உடையை, அவங்க மகள் கையால வாங்கிப் போட்டுக்கப் போறேன்” என்றார்.

மகள் பையைத் தூக்கிக்கொண்டு மேடையேறினாள். மேசையில் வைத்தாள். தோள் பையிலிருந்து தன் முழு முகமூடியை எடுத்து நிதானமாக மாட்டினாள். வார்களை இறுக்கினாள். கையுறை போட்டாள். அரங்கம் அதையும் விழாவின் பகுதி என்று நினைத்து விசிலடித்தது.

இயக்குநர் சிரித்துக்கொண்டே வந்தவர், மஞ்சள் சீட்டைப் பார்த்ததும் நின்றார்.

அவள் பையின் வாயில் கத்திரிக்கோலை வைத்தாள்.

“இரும்மா, இரு.” மைக் அவர் சட்டையில் மாட்டியிருந்தது. அரங்கம் முழுக்கக் கேட்டது. “இது எது? துவைச்சாச்சா?”

“நீங்க துவைக்கச் சொல்லவே இல்லையே சார்.” முகமூடிக்குள்ளிருந்து அவள் குரல் தகரம் போல வந்தது. அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. “அம்மா நீங்க சொல்லாம துவைக்க மாட்டாங்க.”

“அதைத் திறக்காதே.”

“ஏன் சார்?”

“பழசும்மா. தூசி... எல்லாரும் உட்கார்ந்திருக்காங்க.”

“மாவுதானே சார்?”

அவர் ஓரடி பின்னால் வைத்தார். கை தானாக மேலே போய் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டது. சிரித்துச் சமாளிக்கலாம் என்று அவருக்குத் தோன்றியபோது நேரம் கடந்துவிட்டது. கீழே நூறு போன்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

“இடுப்பைப் பிரிச்சு விட்டிருக்கேன் சார். உங்க அளவுதான்” என்று சொல்லி அவள் பையை வெட்டினாள்.

இயக்குநர் மேடையின் மறுகோடிக்கு ஓடினார். ஓடினார் என்பதே சரியான சொல். கதவுக்குப் பக்கத்தில் போய் நின்று, கைக்குட்டையை முகத்தில் அழுத்திக்கொண்டு, “மூடு அதை! அது என்னன்னு தெரியுமா உனக்கு?” என்று கத்தினார்.

“எனக்குத் தெரியும். உங்களுக்கு எப்பலேருந்து தெரியும்?”

அவர் கதவின் கைப்பிடியைத் தேடினார். அரங்கத்தின் நடுவிலிருந்து ஏணியின் குரல் மட்டும் கேட்டது. “போட்டுக்குங்க சார்! அக்கா தச்சது!”

மகள் உடையை எடுத்து விரித்தாள். தன் முகமூடியைக் கழற்றினாள். ரெக்சின் உடையில் முகத்தைப் புதைத்து, எல்லோரும் பார்க்க, ஆழமாக ஒரு மூச்சு இழுத்தாள். பழைய பாலிதீன் வாசனையும் சோப்பு வாசனையும் வந்தன.

“இது நடிகை போட்டது சார். அம்மா அப்பவே துவைச்சுட்டாங்க. துவைக்காதது வீட்ல பூட்டி இருக்கு. நீங்க நடந்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது.”

பெண் அதிகாரி எழுந்து மேடைப் படியை நோக்கி நடந்தார்.

படத்தைப் போட்டார்கள். நிறுத்தும் தைரியம் யாருக்கும் இல்லை. சிலர் எழுந்து போனார்கள், நிறையப் பேர் இருந்தார்கள். முடிவு வந்தது. சாம்பல் இறங்கியது. மிதந்து, திரும்பி, மின்னியது. முதல் வரிசையில் ஒரு பெண், மடியிலிருந்த குழந்தையின் மூக்கைத் தன் துப்பட்டாவால் மூடினாள். டெய்லரம்மா பாதி வழியில் நின்று குனிந்தாள். தோள்கள் குலுங்கின. யாரும் கைதட்டவில்லை. மகள் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று, அம்மா நிமிர்ந்து நடந்து மறையும்வரை பார்த்தாள்.

*

வழக்கு நடக்கிறது. இயக்குநர் இதுவரை மூன்று விதமாகச் சொல்லியிருக்கிறார். தனக்குப் பின்னால்தான் தெரியும் என்பது இப்போதைய வாதம். பின்னால் என்றால் எப்போது, தெரிந்த பிறகு ஏன் அக்காவிடம் சொல்லவில்லை என்று அதிகாரி கேட்டதற்கு அவகாசம் வாங்கியிருக்கிறார். மகளுக்கு அவசரம் இல்லை. தினமும் ஒரு நூல் உள்ளே பிடித்தால் போதும். ஆனால் இதை முடிவில் பிரித்துப் பழைய அளவுக்கு வைத்துக் கொடுக்கும் எண்ணம் அவளுக்கு இல்லை. அந்த ஒரு விஷயத்தில் அவள் அம்மா பேச்சைக் கேட்கவில்லை.

அவர் இன்னமும் போன் செய்கிறார். அவள் எடுப்பதில்லை. ஒரே ஒரு தடவை எடுத்தாள். அக்கா மாதிரி என்று அவர் ஆரம்பிப்பதற்குள், “அம்மா ஒண்ணு கேட்கச் சொன்னாங்க சார். துவைக்கலாமா?” என்றாள். மறுபக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

உடையை அதிகாரிகள் இரட்டை உறையில் போட்டு எடுத்துப்போனார்கள். வழக்கு முடிந்ததும் ஆழமாகப் புதைப்பார்கள். தண்ணீர் அதன்மேல் இனிப் படாது. பெட்டி இருந்த இடத்தைத் துடைத்து எடுத்தபோது, ஓரமாக வைத்த சோப்பு அவளிடமே தங்கிவிட்டது. உறை பிரிக்கவில்லை.